கம்பியில்லா இணைப்பும் வீட்டுக் காவலும்

(எமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்ட விடயம் இளைஞருக்கு மிகச் சிறியதாகவும் முதியோருக்கு மிகப் பெரியதாகவும் தோன்றக்கூடியது. வீட்டில் வைத்திருக்கும் வைஃபை இணைப்பை எவ்வாறு காவல் செய்வது என்பதே அது. செயலாளர் வந்து கேட்டபோது, "தம்பி, இதற்கு எஞ்சினியர் ஒருவரையல்லவா அழைக்க வேண்டும்?" என்றேன். "எஞ்சினியர் பேசினால் எங்களுக்கு விளங்கும் சேர், வீட்டிலை இருக்கிற பெரிய ஆக்களுக்கு விளங்காது. நீங்கள் பட்டுத் தெளிந்தவர்" என்றார். பட்டது உண்மை. தெளிந்தேனா என்பதைக் கேட்டபின் நீங்களே தீர்மானியுங்கள்.

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் இளைய மகளின் கலியாணம் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்திருந்தேன். கருவியைப் பூட்ட வந்த பையன் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, "ஐயா, கடவுச்சொல் என்ன வைக்க?" என்று கேட்டான். மறக்காதது எதுவோ அதை வைக்கச் சொல்லி, என் கைத்தொலைபேசி இலக்கத்தையே கொடுத்தேன். அவனும் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விட்டான். வேறொன்றும் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கலியாணம் முடிந்து புரட்டாதி பிறந்தது. மாதம் முழுவதற்குமாக அளந்து தரப்படும் இணைப்பு பதினோராம் நாளில் தீர்ந்துபோயிற்று. நானும் மனைவியும் மாத்திரமே வீட்டில். கனடாவிலுள்ள மகனோடு இரவில் அரை மணி நேரம் முகம் பார்த்துப் பேசுவோம். அதற்கு இவ்வளவு செலவாகாது. அடுத்த மாதமும் அவ்வாறே நடந்தது. வேலிக்கு அப்பாலுள்ள வீட்டில் உயர்தர வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். நள்ளிரவு கடந்தும் அவன் அறையில் வெளிச்சம் தெரியும். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்த நான் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி மூன்று என்று விடை கண்டேன். வேலியடியில் நின்று அவன் தாயிடம் சொல்லியும் விட்டேன். அந்த அம்மா கோபிக்கவில்லை. "மாஸ்ரர், உங்கடை பிள்ளையள் விளையாடின முற்றத்திலைதான் அவனும் விளையாடினவன்" என்று மாத்திரம் சொல்லி உள்ளே போனார். அதன்பின் மூன்று மாதம் வேலியால் ஒரு கிண்ணம் கறி போகவுமில்லை, வரவுமில்லை.

தை மாதத்தில் அவர்கள் குடும்பமாக வைத்தியத்துக்குக் கொழும்பு போய்ப் பத்து நாள் தங்கினார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அந்தப் பத்து நாளிலும் என் இணைப்பு முன்போலவே கரைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் திரும்பி வந்த அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டேன். பையன் தலை குனிந்து நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்: "சேர், கலியாணக் காட்டிலை அடிச்சிருந்த நம்பரைத்தானே வைச்சிருக்கிறியள்? நான் போட்டுப் பாக்கேல்லை. ஆனால் ஆரும் போட்டுப் பாக்கலாம்."

அன்பர்களே, நான் நானூறு அழைப்பிதழ் அடித்தேன். என் வீட்டு இணைப்பின் திறப்பை நானே நானூறு பிரதி எடுத்து, மஞ்சள் பூசி, ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! யார் எடுத்தார் என்பதை இன்றுவரை நான் அறியேன். அறியவும் வழியில்லை. ஆனால் அந்தப் பையன் மீது நான் போட்ட பழி என்னுடையது. கடவுச்சொல்லை மாற்ற ஐந்து நிமிடம் போதும். மூன்று மாதத்துப் பேசாமையை மாற்ற அது போதவில்லை. அதனாற்றான் இந்த விடயத்தைச் சிறியது என்று நான் கருதுவதில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். ரவுட்டர் என்று நாம் சொல்லும் அந்தச் சிறு பெட்டி உண்மையில் ஒரு வானொலி நிலையம். பெரியோர்களுக்கு நினைவிருக்கும்: இலங்கை வானொலியைக் கேட்பதற்கு நாம் யாரிடமும் வழி கேட்டதில்லை. கருவி உள்ள எந்த வீட்டிலும் அது பாடியது. வானலை, படலையில் நின்று பெயர் கேட்டு உள்ளே போவதில்லை. ரவுட்டரின் அலை வலுக் குறைந்தது. ஆயினும் சுவரையும் வேலியையும் கடந்து ஒழுங்கைக்குப் போகக்கூடியது. நல்ல ஏரியல் பிடித்தவனுக்கு இன்னும் அப்பாலும் எட்டும். எனவே, "எங்கள் வளவு பெரியது, யாருக்கும் எட்டாது" என்று இருப்பது பயனில்லை.

கம்பியில்லாச் செய்தியில் இரகசியம் இல்லை என்பதை உலகம் அறிந்த விதமும் சுவையானது. 1903 ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபத்திலே பேராசிரியர் ஜோன் அம்புறோஸ் பிளெமிங், மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைச் சபைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கோர்ன்வோல் கரையிலுள்ள போல்டு என்னும் நிலையத்திலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்ப வேண்டும். தமது முறை பிறர் தலையிட முடியாதது என்பது மார்க்கோனி தரப்பின் பெருமை. மார்க்கோனியின் செய்தி வருமுன்னரே கருவி தட்டத் தொடங்கிற்று. வந்த செய்தி என்ன? 'எலிகள்' என்னும் ஆங்கிலச் சொல், மீண்டும் மீண்டும்! அதன்பின் மார்க்கோனியைக் கேலி செய்யும் ஒரு பாட்டு. அனுப்பியவர் நெவில் மஸ்கலைன் என்னும் மாயவித்தைக்காரர். தந்தி விஞ்ஞானமும் அறிந்தவர். பிளெமிங் சினந்து 'ரைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மஸ்கலைன் ஒளிக்கவில்லை, அதே பத்திரிகையில், மக்களின் நன்மைக்காகவே ஓட்டையைக் காட்டினேன் என்ற கருத்தில் மறுமொழி எழுதினார். அவர் செய்தது மரியாதையோ என்பது வேறு கேள்வி. ஆனால் அலையை வேலி கட்டி மறிக்க முடியாது, செய்தியைத்தான் பூட்ட வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

செய்தியைப் பூட்டுவதென்பது அதனைப் பிறருக்கு விளங்காதபடி உருமாற்றி அனுப்புவது. வீட்டு வலைகளுக்கு முதலில் வந்த பூட்டு மிக மோசமானது. 1997 இல் 802.11 என்னும் நியமம் வெளியானபோது அதனுடன் வந்த பூட்டுக்கு டபிள்யூஈபி என்று பெயர். கம்பியில் செல்வதற்கு நிகரான மறைவு என்பது அப்பெயரின் கருத்து. பெயர் பெரிது, காவல் சிறிது. 2001 இல் ஷமிர் முதலிய மூவர் அதன் அத்திவாரத்திலேயே பிழை உண்டென்று காட்டினார்கள். 2007 இல் ஜேர்மனியின் டாம்ஸ்ரட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். 2003 இல் டபிள்யூபிஏ என்ற பூட்டும், 2004 இல் டபிள்யூபிஏ2 என்ற பூட்டும், 2018 இல் டபிள்யூபிஏ3 என்ற பூட்டும் வந்தன. உங்கள் ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்தால் இவை ஆங்கில எழுத்துகளில் வரிசையாக நிற்கும். மூன்றாவது இருந்தால் அதை எடுங்கள். பழைய கைத்தொலைபேசிகளும் வீட்டில் இருந்தால் இரண்டும் மூன்றும் சேர்ந்தது என்ற தெரிவு இருக்கும், அதுவும் போதும். மூன்றாவது இல்லாவிட்டால் இரண்டாவதை, ஏஈஎஸ் என்ற எழுத்துகளோடு எடுங்கள். டபிள்யூஈபி என்பதையோ, 'திறந்தது' என்று பொருள்படும் தெரிவையோ தொடவே வேண்டாம். பழைய பூட்டு மாத்திரமே உள்ள பெட்டியாயின், அதற்கு ஓய்வு கொடுக்கும் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

நல்ல ஆமைப்பூட்டு வாங்கித் திறப்பை அதிலேயே தொங்கவிட்டால் என்ன பிரயோசனம்? அதுதான் என் கதை. இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல விடுங்கள்; பழக்க தோஷம்.

டபிள்யூபிஏ2 பூட்டுள்ள வீட்டில், ஒரு கைத்தொலைபேசி இணையும்போது ரவுட்டருக்கும் அதற்கும் இடையில் நான்கு சிறு செய்திகள் போய்வரும். அவற்றில் கடவுச்சொல் நேராக இல்லை. ஆனால் ஒருவன் ஒழுங்கையில் நின்று அவற்றைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே ஆறுதலாக இருந்து, 'இந்தச் சொல்லாக இருக்குமோ, அந்தச் சொல்லாக இருக்குமோ' என்று கணினியைக் கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே வராது. படம் வரையும் அட்டை பூட்டிய ஒரு கணினி விநாடிக்கு இலட்சக்கணக்கான சொற்களை ஒப்பிடும். நாம் தாராளமாக ஓர் இலட்சம் என்றே வைத்துக்கொள்வோம். எமது நாட்டுக் கைத்தொலைபேசி இலக்கம் பத்துத் தானம். முதல் இரண்டும் எல்லோருக்கும் பூச்சியமும் ஏழும். எஞ்சிய எட்டுத் தானத்துக்கு மொத்தம் பத்துக் கோடி இலக்கங்களே உண்டு. பத்துக் கோடியை ஓர் இலட்சத்தால் வகுத்தால் 1,000 விநாடி. பதினேழு நிமிடத்துக்குள் நாட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசி இலக்கங்களும் பார்த்து முடிந்துவிடும். என் இலக்கத்தை எவனும் அழைப்பிதழில் தேட வேண்டிய அவசியமே இல்லை!

பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு, கோயிற் பெயரோடு 123, எல்லோரும் மனனம் செய்திருக்கும் தேவாரத்தின் முதலடி, இவையெல்லாம் அந்த இலக்கத்தின் உறவினரே. ஊருக்குத் தெரிந்ததும் புத்தகத்தில் உள்ளதும் திறப்பாகா. அப்படியாயின் எதை வைப்பது? 1995 இல் அமெரிக்கரான ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் ஓர் எளிய வழி சொன்னார். 7,776 சாதாரணச் சொற்களுக்கு இலக்கமிட்டு ஒரு பட்டியல் செய்தார். ஆறு பக்கத் தாயக்கட்டையை ஐந்து முறை எறிந்தால் ஒரு சொல் விழும். அவ்வாறு நான்கு சொற்களை எடுத்து அடுத்தடுத்து எழுதினால், இருக்கக்கூடிய சேர்க்கைகள் முப்பத்தாறு கோடி கோடிக்கு மேல். விநாடிக்கு ஓர் இலட்சமாகப் பார்த்தால் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் செல்லும். பத்து மடங்கு வேகமான யந்திரம் வந்தாலும் நூறு ஆண்டு வேண்டும். இன்னும் அச்சமுள்ளவர் ஐந்து சொல் எடுக்கலாம். அறுபத்து மூன்று எழுத்து வரையில் இடம் உண்டு.

தாயக்கட்டை இல்லாதவர் ஒரு தடித்த அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரலை வைத்த இடத்துச் சொல்லை எடுக்கலாம். இவ்வளவு சீரானது அன்றாயினும், மனத்தால் தெரிவதை விட எவ்வளவோ மேல். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் நன்றே. ஆனால் சொற்களுக்கு இடையில் ஒரு தொடர்பும் இருக்கக்கூடாது. 'சுளகு', 'கப்பல்', 'பாகற்காய்', 'நீதவான்' என்பது போல ஒன்றுக்கொன்று உறவில்லாது வர வேண்டும். (இதை நான் சொல்லிவிட்டபடியால் இந்த நான்கையும் நீங்கள் வைக்கக்கூடாது.) இப்படியானதை மறப்பது கடினம், சுளகோடு கப்பலேறிய நீதவானை யார் மறப்பார்?

கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக்கூடாது என்று பலர் கட்டளையிடுவார்கள். அலுவலகத்துக்கு அது பொருந்தலாம். வீட்டு வைஃபையைப் பொறுத்தவரையில் நான் ஒப்பவில்லை. கதவை உடைத்து, அலுமாரியைத் திறந்து, பழைய கொப்பியைப் புரட்டுபவன் வைஃபை எடுக்க வந்தவனல்லன். எழுதி வைக்கப் பயந்து சிறிய சொல்லை வைப்பதைவிட, நீளமான சொல்லை வைத்துக் கொப்பியில் எழுதுவது உத்தமம். ரவுட்டரின் மேல் மாத்திரம் ஒட்டிவிடாதீர்கள். அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடும் உறவினர் எல்லோருக்கும் உண்டு.

அடுத்துச் சொல்லப் போவது பலர் அறியாதது. வீட்டு ரவுட்டருக்குத் திறப்பு ஒன்றல்ல, இரண்டு. வைஃபையில் இணைவதற்கான கடவுச்சொல் படலைத் திறப்பு. மற்றது, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைந்து அதனை ஆள்வதற்கான கடவுச்சொல். அது உறுதி வைத்திருக்கும் பெட்டகத்தின் திறப்பு. படலைத் திறப்பை மாற்றிவிட்டுப் பெட்டகத்தைத் தொழிற்சாலை கொடுத்தபடியே விட்டுவிடுகிறோம். பல பெட்டிகளில் அது எல்லாப் பெட்டிக்கும் ஒரே சொல்லாக வந்தது. அச்சொல்லை இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் அகப்படும். படலைக்குள் வந்த ஒருவன் அதையும் திறந்தானாயின், உங்களையே வெளியே பூட்டலாம். வங்கிக்குப் போகும் வழியைத் திருப்பி வேறோர் இடத்துக்கு விடவும் முயலலாம்.

தொழிற்சாலைச் சொல்லை மாற்றாமல் விட்டதால் என்ன நடந்தது என்பதை 2016 இல் உலகம் கண்டது. 'மிராய்' என்னும் ஒரு கெட்ட மென்பொருளை அமெரிக்க இளைஞர் மூவர் எழுதினர். யப்பான் மொழியில் அச்சொல்லுக்கு எதிர்காலம் என்று பொருள், நல்ல எதிர்காலம்! அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலைகள் வைக்கும் பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபது சோடி வரையில் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்குமுள்ள காவற் கமராக்களையும் ரவுட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. இலட்சக்கணக்கானவை திறந்துகொண்டன. அவ்வாண்டு ஒக்ரோபர் 21 ஆம் திகதி அப்படித் திறந்த பெட்டிகளின் படை ஒன்று டைன் என்னும் நிறுவனத்தின் மீது ஒரே வேளையில் ஏவப்பட, ருவிற்றர், நெற்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமற் போயின. எழுதிய மூவரும் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் படையாகப் போன கமராக்களின் சொந்தக்காரருக்குத் தம் வீட்டுப் பொருள் போருக்குப் போய் வந்ததே தெரிந்திராது.

இதை மாற்றும் வழி கடினமன்று. ரவுட்டரைப் புரட்டினால் அடியில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். அதில் 192.168 என்று தொடங்கும் ஓர் இலக்கத் தொடரும், ஒரு பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்த கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உலாவியைத் திறந்து, தளத்தின் முகவரி எழுதும் இடத்தில் அந்த இலக்கத்தை எழுதினால் ரவுட்டரின் வாசல் வரும். சில நிறுவனங்கள் இதற்கெனத் தனிச் செயலி தருகின்றன. முதலில் பெட்டகத் திறப்பை மாற்றுங்கள். அதன்பின் பூட்டின் வகையைப் பாருங்கள். பிறகு படலைத் திறப்பை மாற்றுங்கள். கடைசியாக மாற்றியதும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் அறுந்துபோகும். பதற வேண்டாம். புதிய சொல்லை ஒவ்வொன்றிலும் ஒருமுறை எழுதினாற் போதும். ஏதும் குழம்பிப் போனால், பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறு துளையில் ஊசி விட்டுச் சில விநாடி அழுத்த, அது பிறந்த நாள் நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அதன்பின் நிறுவனத்தின் இணைப்பு விபரங்களை மறுபடி கொடுக்க வேண்டி வரலாம். ஆகவே அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் ஊசியைத் தேடாதீர்கள்.

அமைப்புகளுக்குள் போன கையோடு டபிள்யூபிஎஸ் என்பதைத் தேடி அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் எழுதும் சிரமம் இன்றி இணைய வைப்பதற்கு வந்த வசதி அது. அதன் ஒரு வகை எட்டுத் தான இலக்கத்தால் இயங்குவது. 2011 டிசம்பரில் ஸ்ரெபான் வீபொக் என்பவர் அதன் குறையை வெளியிட்டார். ரவுட்டர் அந்த எட்டையும் ஒன்றாகப் பாராது முதல் நான்கு சரியா, பின்னவை சரியா என்று இரண்டு துண்டாகப் பார்த்தது. கடைசித் தானமோ மற்ற ஏழையும் கொண்டு கணக்கிடப்படுவது. எனவே முதற் பாதிக்கு 10,000, மறு பாதிக்கு 1,000, ஆக 11,000 முறை முயன்றால் திறக்கும். எட்டுத் தானத்துக்குரிய பத்துக் கோடி எங்கே, பதினோராயிரம் எங்கே! சோம்பலுக்காக வைத்த யன்னல் கள்ளனுக்குக் கதவாயிற்று.

இனி, சிலர் காவல் என்று எண்ணிச் செய்யும் வீண் வேலைகள். வலையின் பெயரை மறைத்து வைத்தல் ஒன்று. பெயரை மறைத்தாலும் அலை ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். தேடுபவனுக்கு ஒரு நொடி வேலை. ஒவ்வொரு கருவியின் பிறப்பிலக்கத்தையும் பதிந்து மற்றவற்றைத் தடுத்தல் மற்றொன்று. அந்த இலக்கத்தைக் கேட்டுப் போலி செய்வது எளிது, வீட்டுக்காரருக்குத்தான் தொல்லை. பெயரைப் பற்றி நான் சொல்வது ஒன்றே: வீட்டுப் பெயரையோ குடும்பப் பெயரையோ வைக்காதீர்கள். எந்த வீட்டு அலை என்று ஊருக்கு அறிவிப்பதில் என்ன பெருமை?

ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நல்ல பூட்டிலும் பிழை வெளிப்படும். 2017 இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தி வன்ஹூவ், டபிள்யூபிஏ2 பூட்டிலேயே ஒரு பிழையைக் காட்டினார். பூட்டை எறிய வேண்டியிருக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பித்தோர் தப்பினர். தானாகப் புதுப்பிக்கும் தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

விருந்தினர் விடயம் எமது வீடுகளில் பெரிய விடயம். திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் படலை திறந்து, காலணி கழற்றி, தண்ணீர் குடிக்குமுன் கேட்பது வைஃபை கடவுச்சொல். கொடாமல் இருக்க முடியுமா? கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கென ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் 'விருந்தினர் வலை' என்று இரண்டாவது வலை ஒன்றைத் திறக்கலாம். அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல். விறாந்தையில் பாய் போட்டு உபசரிப்பது போன்றது அது. இணையம் கிடைக்கும், உள்வீட்டுக் கணினியும் அச்சுப்பொறியும் கண்ணிற் படா. விருந்து முடிந்ததும் அணைத்துவிடலாம்; யாருக்கும் மனவருத்தம் இல்லை. காவற் கமரா, தொலைக்காட்சி போன்ற, மென்பொருள் எப்போது புதுப்பிக்கப்படுமென்று தெரியாத பொருள்களையும் நான் அந்த விறாந்தையிலேயே இருத்தியிருக்கிறேன். இந்த வசதியை என் கலியாண வீட்டில் அறிந்திருந்தேனாயின் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பயத்தை அளவுக்கு மேல் ஊட்டவும் நான் விரும்பவில்லை. இப்போது வங்கி முதலிய பெரும்பாலான தளங்கள் தம் செய்தியைத் தாமே பூட்டி அனுப்புகின்றன. உங்கள் வைஃபைக்குள் ஒருவன் வந்துவிட்டான் என்பதற்காக உடனே உங்கள் வங்கிக் கணக்கு அவன் கையில் என்று எண்ண வேண்டாம். ஆனால் ஒன்று: உங்கள் வீட்டிலிருந்து போகும் எல்லாவற்றுக்கும் வெளியுலகம் காண்பது ஒரே முகவரி. அதனூடாக எவனோ ஒருவன் பிறரை இழிவாக எழுதினாலும், பிறர் கணக்கை உடைத்தாலும், விசாரிப்போர் முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் படலைக்கு. எமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது அதன்படி குற்றம். இளைஞர்கள் இதை விளையாட்டென்று எண்ணக்கூடாது. கடவுச்சொல் தெரியும் என்பது அனுமதி ஆகாது.

என்னைப் போல யார் மேலாவது சந்தேகம் கொள்ளுமுன் இன்னொன்றையும் அறிந்து வைத்திருங்கள். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் இப்போது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதைக் கண்டதும் நெஞ்சு பதறும். பெயர் தெரியாத ஏதாவது ஒன்று நிச்சயம் நிற்கும். எங்கள் வீட்டுப் பட்டியலில் அப்படி ஒரு வேற்றாளைக் கண்டு இரண்டு நாள் துப்பறிந்தேன். கடைசியில் அது மனைவியின் கைத்தொலைபேசி. அண்மைக் காலத்துக் கைத்தொலைபேசிகள் தம் உண்மையான பிறப்பிலக்கத்தைக் காட்டாமல் ஒவ்வொரு வலைக்கும் ஒரு பொய் இலக்கத்தைக் காட்டுகின்றன. அவர்களை யாரும் பின்தொடராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. எனவே வீட்டிலுள்ள ஒவ்வொன்றாக அணைத்துப் பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். எல்லாம் அணைத்தபின்னும் ஒன்று நின்றால், வேலியடிக்குப் போகாதீர்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். யாராயிருந்தாலும் அவர் அன்றே வெளியே.

சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியோர் வீடுகள் பல. அங்கே இணைப்பு இருக்கிறது. அதைப் பார்த்துக் கொடுக்க ஆள் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீங்கள் இருவர் இருவராகப் போய் இதைச் செய்து கொடுக்கலாம் என்று செயலாளர் சொன்னார். மிக நல்லது. ஆனால் போகும்போது ஒரு முறையைக் கைக்கொள்ளுங்கள். தாயக்கட்டையைப் பாட்டி எறியட்டும். சொல்லைத் தாத்தா தம் கையால் எழுதட்டும். ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட அவருக்குப் பத்து நிமிடம் எடுக்கும்; பொறுத்திருங்கள். அந்த நேரம் உங்கள் முகம் முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் கேட்டாலும், "நீயே போடு மோனை" என்று சொன்னாலும், நீங்கள் அந்தச் சொல்லை அறியாமல் வருவதே நல்லது. நாளைக்கு ஏதாவது நடந்தால் உங்கள் மேல் எவரும் விரல் நீட்டாதிருக்க அது உதவும். விரல் நீட்டியவன் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ரவுட்டரை அந்த வேலிக்கு அப்பாலுள்ள பையன்தான் வந்து சரிசெய்து தந்தான். ஐந்து சொல் எடுத்தோம். நான் எழுதத் தொடங்கியதும் அவன் நானொன்றும் சொல்லாமலே எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றான். எழுதி முடித்துக் கூப்பிடப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை பிழையாகத் தட்டிவிட்டேன். அன்றிரவு வேலியால் கத்தரிக்காய்க் குழம்பு ஒரு கிண்ணம் வந்தது.

கேள்விகள் இருப்பின் இப்போது கேட்கலாம்.